திறவுகோல் யார் கையில்?

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலையின் அடிவாரத்தில் உள்ளது அழகர்கோவில். கள்ளழகரைக் காணச் செல்வோர் கோபுர வாயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியைக் காண்பர். அங்கே திருவுருவம் இல்லை. சந்தனம் பூசிய பெருங்கதவுகளே வழிபடப்பெறுகின்றன. இரவில் கோயிலைப் பூட்டியபின் திறவுகோலைக் கருப்பர் முன்னிலையில் வைப்பது வழக்கம் என்பர். சித்திரைத் திருவிழாவிற்காக அழகர் மதுரைக்குப் புறப்படுங்கால், அவர் அணிந்து செல்லும் நகைகளின் பட்டியலும் அங்கே படிக்கப்பெறும் என்பர். பூட்டு எத்துணை வலியதாயினும், அதன் திறவுகோல் யாரிடம் உளது என்பதே முதற்கேள்வி என்பதை இவ்வழக்கம் நமக்குக் காட்டுகின்றது. மாணவ நண்பர்களே, இன்று நாம் ஆராயப்புகும் மறையாக்க மின்னஞ்சலின் வரலாறும் இக்கேள்வியைச் சுற்றியே நடப்பதாகும்.

பண்டைநாளில் ஓலையைச் சுருட்டி இலச்சினை இட்டனுப்பினர். இலச்சினை உடைந்திருப்பின், பிறர் படித்தமை புலனாகும். சாதாரண மின்னஞ்சலுக்கோ அவ்வடையாளமும் இல்லை. அஞ்சலைத் தாங்கி நிற்கும் நிறுவனம் விரும்பினால் அதனைப் படிக்கலாம், படித்ததை நாம் அறியோம். 1976-ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்கொரு வழி வெளியிட்டனர். ஒருவருக்கு இரண்டு திறவுகோல்கள். ஒன்றை ஊரறியக் கொடுத்துவிடலாம், மற்றொன்றைத் தாமே காக்க வேண்டும். முதலாவதால் பூட்டியதை இரண்டாவதால் மட்டுமே திறக்க இயலும். 1991-இல் ஃபில் சிம்மர்மன் என்பார் இவ்வகைக் கணித முறைகளைக் கொண்டு, எளியோரும் தம் கடிதங்களைப் பூட்டுதற்குரிய கருவி ஒன்றை இயற்றினார். அக்கணிதம் இன்றளவும் தளர்ந்திலது. தளர்ந்தவை வேறு.

கனடா நாட்டின் ஹஷ்மெயில் நிறுவனம், தன் வாடிக்கையாளர் கடிதங்களைத் தானே படிக்க இயலாதென்று கூறி வந்தது. ஆயினும் 2007-ஆம் ஆண்டில், நீதிமன்ற ஆணைக்கிணங்கி, மூன்று கணக்குகளின் கடிதங்களைப் பன்னிரண்டு குறுந்தகடுகளில் பதித்து அமெரிக்க அதிகாரிகளுக்கு அளிக்க நேர்ந்தது. எங்ஙனம் இயன்றது? அந்நிறுவனத்தின் எளிய சேவை முறையில், பூட்டும் திறப்பும் அதன் கணிப்பொறியிலேயே நிகழ்ந்தன. ஆதலின் கடவுச்சொல் அங்கே ஒரு கணமேனும் வந்து செல்ல வேண்டியிருந்தது; அக்கணமே போதுமானதாயிற்று.

2013-இல் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. எட்வர்ட் ஸ்னோடன் பயன்படுத்திய லாவாபிட் சேவையின் தலைவர் லெவிசனிடம், சேவை முழுமைக்குமான திறவுகோலை அமெரிக்க அரசு கேட்டது. ஒருவரைத் தேடும் பொருட்டு அனைவருடைய வாயிலையும் திறக்கும் கோல் அது! அவர் அதனைப் படிக்கவொண்ணாத பொடி எழுத்தில் பதினொரு தாள்களில் அச்சிட்டு முதலிற் கொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்றிலது. ஈற்றில் திறவுகோலை ஒப்படைத்து, ஆகஸ்டு 8-ஆம் நாள் சேவையையே மூடிவிட்டார்.

ஜெனீவாவில் 2014-இல் தோன்றிய புரோட்டான்மெயில், கடவுச்சொல்லைத் தன்னிடம் வரவிடாது, பயனாளியின் கருவியிலேயே பூட்டும் முறையைக் கைக்கொண்டது. கடிதத்தின் உள்ளுறை காக்கப்பட்டது, மேலுறை? அனுப்புநர், பெறுநர், பொருள் வரி ஆகியன அப்பூட்டினுள் அடங்குவன அல்ல. 2021-இல் பிரெஞ்சு நாட்டுச் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவரின் இணைய முகவரியை, சுவிஸ் அதிகாரிகளின் ஆணைப்படி அந்நிறுவனம் பதிந்தளித்தது. அவர் எழுதிய ஒரு சொல்லும் வெளிப்படவில்லை. எழுதியவர் யார் என்பதை அறிய அம்முகவரியே துணையாயிற்று.

இங்கே அழகர்மலையைச் சிறிது நினைவுகூர்வது தகும். அம்மலையிற் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் முதலியோர் தம் பெயரையும் தொழிலையும் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்தனர். எல்லாரும் அறியட்டும் என்றே பாறையில் வெட்டினர். ஆனால் எழுத்து வழக்கொழிந்தது, திறவுகோல் தொலைந்தது. இத்தகைய குகைக் கல்வெட்டுக்கள் தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924-இல் ஆகும். மறையாக்க அஞ்சலிலும் இவ்விபத்து உண்டு: மீட்கும் வழியை முன்னரே வைத்துக்கொள்ளாதவர் கடவுச்சொல்லை மறப்பாராயின், அவருடைய பழங்கடிதங்கள் அவருக்கே படிக்கவொண்ணாதன ஆகிவிடும்.

இனி நம் நாட்டு நிகழ்ச்சி. 2024 பிப்ரவரி 8-ஆம் நாள், சென்னையில் பதின்மூன்று தனியார் பள்ளிகட்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. பெற்றோர் பதறிப் பள்ளிகட்கு விரைந்தனர். தேடியதில் குண்டு ஒன்றும் அகப்படவில்லை. அவ்வஞ்சல்கள் புரோட்டான் வழியே வந்தமையால், தமிழகக் காவல்துறையின் வேண்டுகோளின்பேரில், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அச்சேவையைத் தடுக்க நடுவணரசு முனைந்தது. சுவிஸ் அதிகாரிகள் இடைப்பட்டபின் அத்தடை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்த தாயின் அச்சத்தை எளிதாக எண்ணுதல் கூடாது. ஆயினும், ஒரு தீயோன் எழுதிய கடிதத்திற்காக அஞ்சலகத்தையே மூடுவது முறையாகாது என்பது என் கருத்து. அவன் அடுத்த தெருவின் அஞ்சற்பெட்டியை நாடுவான். அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்துள்ளனர் என்பதும் நினைக்கத்தக்கது.

2025 ஏப்ரல் 29-ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றம், புரோட்டான் சேவையைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு நடுவணரசுக்கு ஆணையிட்டது. ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியர்களை இழிவுபடுத்தும் ஆபாச அஞ்சல்கள் அதன் வழியே அனுப்பப்பட்டன என்பதே முறையீடு. அனுப்பியவனுக்கு மறைவிடம் கிடைத்தது. மானமும் அந்தரங்கமும் குலைந்தவர் அப்பெண்டிரே. அவர்களுள் ஒருத்தி நாளை தன் துயரை வழக்கறிஞர்க்கு எழுத விரும்பினால், பிறர் திறவாத கடிதம் அவளுக்கும் வேண்டியிருக்கும்.