மானிப்பாயில் தமிழ் பேசிய மருத்துவம்

தேவாரத்து மருந்துக்கடைகளில் சீட்டை நீட்டி, "இது எதுக்குப்பா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பவர்களை இன்றும் காணலாம். மருத்துவர் அறிந்தது நோயாளிக்கு விளங்காமல் போகும் இந்தச் சிக்கல் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு விடை தேடியவர், யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884).

1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நோய் பார்த்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைமருத்துவமும் கற்பித்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் அரசு வேலைக்குச் சென்றுவிடுவார்கள். தமிழில் படித்தவர்களே ஊரோடு தங்கி, மக்களுக்கு விளங்கும்படி பேசுவார்கள் என்று அவர் கருதினார். எனவே 1864 முதல் தமிழில் கற்பிக்கலானார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! தம் மாணவர்களின் துணையோடு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மகப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' (1857), அறுவை மருத்துவம் பற்றிய 'இரணவைத்தியம்' (1867), உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' (1872), வேதியியல் பற்றிய 'கெமிஸ்தம்' (1875) ஆகியவை அவற்றுட் சில. கலைச்சொற்களை முதலில் தமிழிலும், கிடைக்காதபோது வடமொழியிலும் தேடினார். இரண்டிலும் அமையாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார்.

இம்முயற்சிக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, சொல். 'அங்காதிபாதம்', 'சுகரணம்' போன்றவற்றை இன்று விளக்கினால்தான் புரியும். உடற்கூறு, உடலியங்கியல் என்றால் மாணவர் எளிதில் அறிவர். தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே ஒரு சொல் எளிதாகிவிடாது. மற்றொன்று, பிழைப்பு. அரசு வேலைக்கு ஆங்கிலமே வழி என்பதால் மாணவர் பலருக்குத் தமிழ்வழிக் கல்வியில் நாட்டம் இல்லை. 1873இல் கிறீன் தாயகம் திரும்பியபின் அக்கல்வி நிலைக்கவில்லை.

அவரிடம் பயின்ற மருத்துவர்கள் 60 பேருக்கு மேல். வூஸ்டர் நகரில் உள்ள அவரது கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்துள்ளனர்.

நோயாளிக்கு விளங்கும்படி பேசுவது மருத்துவரின் நல்ல மனத்தால் மட்டும் நடந்துவிடாது. அதற்கு எளிய சொல் வேண்டும், நூல் வேண்டும், அப்படிப் பேசக் கற்றவருக்கு வேலையும் மதிப்பும் வேண்டும். முதல் இரண்டுக்கும் கிறீன் உழைத்தார். மூன்றாவது அவர் கையில் இல்லை. மருந்துக்கடை வாசலில் அந்தக் கேள்வி இன்றும் எழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.