கண்டி மலைநாட்டில் நுண்ணங்கிகளும் தொழில்நோயும்: தேயிலை ஸ்டோரிலிருந்து ஆய்வுகூடம் வரை

தொழிலிடத்து நுண்ணங்கிகள் மனிதரை இரண்டு வழிகளில் நோயாளியாக்குகின்றன. உயிருள்ள கிருமி உடலுக்குள் புகுந்து பெருகினால் அது தொற்று. கிருமி செத்துக் கிடந்தாலும், அதன் வித்தியோ நொதியமோ உடைந்த துணுக்கோ மூச்சோடு உள்ளே போய், உடல் அதைப் பகையென்று கண்டு கிளர்ந்தால் அது ஒவ்வாமை. தொற்றுக்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். ஒவ்வாமைக்கோ தூசியையே அகற்றியாக வேண்டும். இந்த வேறுபாடு மருத்துவத்துக்குப் பிடிபட நெடுங்காலம் எடுத்தது. அது பிடிபட்ட கதையில் ஒரு பங்கு இலங்கையின் தேயிலைத் தூசிக்கு உண்டு. கண்டியைச் சுற்றிய தோட்டங்களும் பேராதனையின் ஆய்வுகூடங்களும் அக்கதையில் அடிக்கடி வந்துபோகின்றன.

கண்டிச் சீமையின் தொழிலை நுண்ணங்கி முதலில் தொட்டது மனிதரின் வழியாக அல்ல, செடியின் வழியாக. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொடி படிந்த நோய் கண்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, இங்கிலாந்தில் பெர்க்லியும் புரூமும் அப்பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டனர். தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபின், 1880இல் இளம் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் அரசாங்கத்தால் வரவழைக்கப்பட்டார். பேராதனையை மையமாகக் கொண்டு இரண்டு ஆண்டுகள் உழைத்த அவர், பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் கோப்பிச் செடிகளுக்கிடையே வைத்து, காற்றில் வந்து விழும் வித்திகளைப் பிடித்து நுண்காட்டியில் பார்த்தார். காற்றிலுள்ள நுண்ணங்கியை அளந்தறியும் முறை இந்த மலைநாட்டில் அவ்வளவு முன்னரே கையாளப்பட்டிருக்கிறது. தொழிலாளியின் மூச்சில் போவது என்ன என்று கேட்க அதே முறை பயன்பட்டிருக்கலாம். ஆனால் அன்றைய நிருவாகத்தின் கவலை கோப்பியைப் பற்றியது, கூலியாளைப் பற்றியது அல்ல.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டிருந்தார். கோப்பியைப் பறித்துத் தோல் நீக்கிக் காயவைத்தால் போதும். மீதி வேலை கொழும்பில் நடந்துவிடும். தேயிலை அப்படியல்ல. கொழுந்து வாடிக் கெடுமுன் தோட்டத்திலேயே பதப்படுத்தியாக வேண்டும். ஆகவே தோட்டத்துக்கு ஓர் ஆலை எழுந்தது. தோட்டத்து மக்கள் அதை ஸ்டோர் என்றார்கள். திறந்த மலைச்சரிவில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரில் ஒரு பகுதியினர் இவ்வாறு நான்கு சுவர்களுக்குள் வந்தனர்.

ஸ்டோரில் கொழுந்து வாட்டப்படும், உருட்டப்படும், நொதிக்கவிடப்படும், சூடுகாட்டி உலர்த்தப்படும், பிறகு சலித்துத் தரம் பிரிக்கப்படும். இதில் உலர்த்தும் வரை எல்லாம் ஈரம், தூசி இல்லை. தொல்லை சலிக்கும் அறையில் தொடங்குகிறது. இளங்கொழுந்தின் அடிப்புறத்தில் மெல்லிய வெண்மயிர்கள் உண்டு. இலை உலர்ந்து சல்லடையில் குலுங்கும்போது அவை கழன்று, பழுப்பு நிறப் பஞ்சுத் துகளாக எழும்பும். ஆங்கிலேயர் இதை ஃப்ளஃப் என்றார்கள். சல்லடைச் சட்டத்திலும் கூரை விட்டத்திலும் சன்னல் விளிம்பிலும் அது அடை அடையாகப் படியும். அங்கு வேலை செய்யும் பெண்கள் சேலைத் தலைப்பாலோ துணியாலோ மூக்கை மூடிக்கொள்வார்கள். பல தோட்டங்களின் தேயிலையைக் கொட்டிக் கலக்கும் கொழும்புக் களஞ்சியங்களில் இந்தத் துகள் இன்னும் அதிகம்.

நொதித்தல் என்ற கட்டமும் இந்த வரலாற்றில் ஒரு மயக்கத்தை உண்டாக்கியது. பச்சை இலை செம்பாவது பற்றீரியாக்களின் வேலை என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலர் நம்பினர். நொதித்தல் என்ற பெயரே அந்த நம்பிக்கையின் மிச்சம். 1901 தொடக்கம் அசாமில் ஹரல்ட் மான் நடத்திய ஆய்வுகளும் அதே காலத்து ஜப்பானிய ஆய்வுகளும் மாற்றத்தை நிகழ்த்துவது இலையிலேயே உள்ள நொதியம் என்று காட்டின. அதன்பின் நுண்ணங்கி ஸ்டோரில் வேண்டாத விருந்தாளியாயிற்று. தரையும் மேசையும் உருட்டு இயந்திரமும் நாள்தோறும் கழுவப்பட்டது தேயிலையின் மணம் கெடாமலிருக்கத்தான்.

தேயிலைத் தூசியை மனித நோயோடு முதலில் இணைத்தவர் அல்டோ காஸ்டெலானி. புளோரன்ஸில் 1874இல் பிறந்த இவர், உகண்டாவில் உறக்கநோய் ஆய்வில் பெயர் பெற்று, 1903இல் கொழும்பு பற்றீரியவியல் நிறுவகத்துக்கு வந்தார். பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்தது இதுவே. பறங்கிப்புண்ணின் கிருமியை 1905இல் அடையாளம் கண்டதும் இங்குதான். இலங்கையில் அவர் கண்ட இன்னொரு நோய்க்கூட்டம் ஆறாத இருமல். ஸ்டோர்த் தொழிலாளரிடமும், உலர்ந்த இலையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து தரம் சொல்லும் தேயிலைச் சுவைஞரிடமும் அதைக் கண்டார். சளியில் காளான் இனத்து நுண்ணங்கிகள் இருந்தன. தேயிலைத் தூசியிலும் இருந்தன. ஆகவே தூசியின் பங்கசு மார்பில் குடியேறியதால் வந்த தொற்றே இந்த இருமல் என்று முடிவு கட்டினார். ‘தேயிலை ஆலை இருமல்’, ‘தேயிலைச் சுவைஞர் இருமல்’ என்ற பெயர்கள் அவரும் ஆல்பர்ட் சாமர்ஸும் சேர்ந்து எழுதிய வெப்பவலய மருத்துவக் கைநூல் வழியாக உலகெங்கும் போயின. 1910இல் அவர் விவரித்த கண்டிடா துரோபிக்காலிஸ், கண்டிடா குருசெய் ஆகிய இனங்கள் இன்றும் மருத்துவமனை ஆய்வுகூடங்களில் அன்றாடம் புழங்கும் பெயர்கள்.

காஸ்டெலானியின் கண் கூர்மையானது. வாதம் அவ்வளவு வலுவானதல்ல. கண்டிடா நலமுள்ள பலரின் வாயிலும் குடலிலும் வாழ்வது. துப்பிய சளி வாய் வழியாகத்தான் வருகிறது. தூசியிலும் சளியிலும் ஒரே வகைப் பங்கசு இருப்பது, இருமலுக்கு அதுவே காரணம் என்று காட்டிவிடாது. ஒரு கிருமியே நோய்க்குக் காரணம் என்று நிறுவக் கொக் வகுத்த விதிகள் அப்போது கிருமியியலின் வேதமாக இருந்தும், இருமாத தொழிலாளரின் சளியை ஒப்பீட்டுக்குப் பார்க்கும் வழக்கம் இன்னும் ஊன்றவில்லை. ‘கிருமி இருக்கிறது’ என்பதிலிருந்து ‘கிருமியே செய்தது’ என்பதற்குத் தாவும் இந்தப் பழக்கம் தொழில்நோய் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும்.

தாவாமல் கடக்கும் வழியைக் காட்டியது தேயிலை அல்ல, வைக்கோல். 1932இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லண்டில் காம்பெல் என்ற மருத்துவர், ஈரத்தில் பூத்த வைக்கோலைக் கிளறிய உழவர்களுக்கு மூச்சுத்திணறலும் காய்ச்சலும் வருவதை எழுதினார். நுரையீரலில் கிருமி பெருகவில்லை. ஆனாலும் நோய் வந்தது. 1963இல் ஜாக் பெப்பிஸும் துணைவரும் அந்த வைக்கோலில் வளரும் வெப்பம் விரும்பும் அக்டினோமைசீட்டுப் பற்றீரியாக்களின் வித்திகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை நோயாளிகளின் இரத்தத்தில் காட்டினர். நுண்ணங்கி தொற்றாமலே நோய் தரும் என்பதற்கு இரத்தச் சான்று கிடைத்தது.

இந்தப் புதிய கண்ணோடு தேயிலைக்குத் திரும்பியவர் இலங்கையின் மார்புநோய் மருத்துவர் சி. ஜி. ஊரகொட. மிளகாய் அரைப்போர், கயிற்றுத் தும்பு, இலவம்பஞ்சு, கறுவாத் தொழிலாளர் என உள்நாட்டுத் தூசிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் அவர். மேலைநாட்டுப் பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத தொழில்கள் இவை. 1970இல் பிரித்தானியத் தொழில் மருத்துவ இதழில் ‘டீமேக்கர் ஆஸ்துமா’ என்ற குறுங்கட்டுரையை வெளியிட்டார். ஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கருக்குத் தூசியால் வந்த தொய்வு அதன் பொருள். பத்தாண்டு கழித்து, தேயிலை கலக்கும் நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்து, நாட்பட்ட மார்புச்சளியும் தொய்வும் அவர்களிடம் மிகுந்திருப்பதை 1980இல் தோராக்ஸ் இதழில் பதிந்தார். காஸ்டெலானியின் தொற்று இங்கே ஒவ்வாமைக்கும் எரிச்சலுக்கும் இடம் விட்டது. 1994இல் ஜப்பானியர், பச்சைத் தேயிலை ஆலைகளில் வரும் தொய்வுக்கு எபிகல்லோகேட்டசின் கல்லேற்று என்ற தேயிலையின் சொந்த வேதிப்பொருளே தலையாய காரணம் என்றனர்.

கண்டியிலிருந்தே இதற்கு வந்த பங்களிப்பு 1997இல். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தின் ஆய்வாளர்கள், தேயிலைத் தூசிக்கு ஆட்படும் ஆலைத் தொழிலாளரின் மூச்சுத்திறனைக் கருவி கொண்டு அளந்து தொழில் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டனர். தொழிலாளி சொல்லும் இருமலுக்குப் பக்கத்தில் ஊதிக் காட்டிய காற்றின் அளவு வந்து நின்றது.

சுவருக்கு வெளியே, வயலில், நுண்ணங்கி தன் பழைய வழியையே பின்பற்றியது. எலிச்சிறுநீர் கலந்த சேற்றுநீரில் வெறுங்காலோடு நிற்கும் உழவருக்கு எலிக்காய்ச்சல் ஐயமற்ற தொற்று. 2008இல் நாடெங்கும் ஏறத்தாழ 7,400 பேருக்கு அந்நோய் ஐயுறப்பட்டது. 204 பேர் இறந்தனர். கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கங்களும் அப்போது கடுமையாகத் தாக்குண்டன. எலிக்காய்ச்சல் என்று கருதப்பட்ட கண்டி நோயாளிகளின் குருதியைச் சோதித்தபோது, சிலரிடம், எலிகளால் பரவும் ஹன்டா வைரசுகளில் தாய்லாந்து வைரசுக்கு நெருங்கிய ஒன்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் கிடைத்தன. பேராதனை ஆய்வாளரும் ஜப்பானியரும் இதை 2011இல் வெளியிட்டனர். இலங்கையில் ஹன்டா நோய் உண்டென்ற முதல் அறிக்கை 1988இல் லான்செட்டில் வந்திருந்தது.

ஹன்டா வைரசுக்கு ஆய்வுகூட வரலாறும் உண்டு. 1970களிலும் 80களிலும் ஜப்பான், கொரியா, பெல்ஜியம் போன்ற நாடுகளில், பரிசோதனைக்காக வளர்த்த எலிகளிடமிருந்தே அவற்றைப் பராமரித்த ஊழியரும் ஆய்வாளரும் நோயுற்றனர். நோயை ஆராயும் இடமே நோயின் ஊற்றானதற்கு இது ஓர் எடுத்துக்காட்டுத்தான். ஆய்வுகூடத் தொற்றுகளைப் பல பத்தாண்டுகள் திரட்டிய அமெரிக்கர் ராபர்ட் பைக், 1976இல் 3,921 நிகழ்வுகளைப் பட்டியலிட்டார். புரூசெல்லோசிசு, கியூ காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், கல்லீரல் அழற்சி, காசநோய் ஆகியவை முன்வரிசையில். ஊசி குத்தியது, குழாய் உடைந்தது என்று சுட்டத்தக்க விபத்து இவற்றில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதியெல்லாம் ‘அங்கே வேலை செய்தார், நோய் வந்தது’ என்பதற்கு மேல் போகவில்லை.

காரணம் கைவேலையில் இருக்கிறது. கிருமிக் குழம்பை நுண்குழாயில் உறிஞ்சி, கடைசித் துளியை ஊதித் தள்ளும்போது ஒரு குமிழ் வெடிக்கும். ஈரமான கம்பி வளையத்தைச் சுடரில் காட்டினால் சீறித் தெறிக்கும். மையநீக்கியில் சுழலும் குழாய் ஒன்று உடைந்தால், மூடியைத் திறந்ததும் கண்ணுக்குப் புலப்படாத பனி அறையெங்கும் பரவும். வாயால் உறிஞ்சும் பழக்கம் இருந்த காலத்தில் குழம்பே நேராக வாய்க்குள் போனதுண்டு. அந்தப் பனியின் துளிகள் ஒருசில மைக்ரோன் அளவினவாதலால் நுரையீரலின் அடியாழம் வரை போகும். காற்றை உள்நோக்கி இழுத்து வடிகட்டும் உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிகள் வந்தது இதற்காகத்தான்.

உயிரித் தொழினுட்பம் ஆலைக்குப் போனபோது ஒவ்வாமை அங்கும் தொடர்ந்தது. பசிலஸ் சப்டிலிஸ் பற்றீரியாவிலிருந்து எடுத்த, புரதத்தைச் சிதைக்கும் நொதியத்தைச் சலவைத்தூளில் கலந்த இங்கிலாந்து ஆலையொன்றில் தொழிலாளர் மூச்சுத்திணறியதை மைக்கேல் ஃப்ளிண்ட் 1969இல் லான்செட்டில் எழுதினார். கிருமி அங்கே இல்லை. அது ஈன்ற பொருள் தூசியாக இருந்தது. ஊரகொடவின் டீமேக்கர் கட்டுரை அடுத்த ஆண்டு வந்தது. இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டவை. நொதியத்தைப் பறக்கும் மாவாக விடாமல் மணிமணியாக உருட்டி அடைப்பது சலவைத்தூள் தொழிலின் விடையாயிற்று.

நோய் வேலையால்தான் வந்தது என்று நிறுவுவது இன்னொரு போராட்டம். 1923இன் பிரித்தானிய இந்திய வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் தொழில்நோய்ப் பட்டியலொன்றைக் கொண்டிருந்தது. கம்பளியும் தோலும் கையாள்வோருக்கு வரும் அந்திராக்சு அதில் இருந்தது. பட்டியலிட்ட தொழிலில் பட்டியலிட்ட நோய் வந்தால், வேலையே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பட்டியலுக்கு வெளியே நிற்கும் நோய்க்குச் சான்றுச்சுமை முழுவதும் தொழிலாளியின் தலையில். இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், மரபணு மாற்றிய வைரசு ஒன்றுக்கு ஆட்பட்டதால் நோயுற்றதாக வழக்குத் தொடுத்தார். 2010இல் நடுவர்குழு அவருக்கு 13 இலட்சத்து 70 ஆயிரம் டொலர் வழங்கியது. ஆனால் அது பாதுகாப்புக் குறையை எடுத்துச் சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டார் என்பதற்கே. வைரசுதான் நோய் தந்தது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை.

2019இல் சீனாவின் லான்சோ நகரில் நிலைமை வேறு. கால்நடைத் தடுப்பூசி ஆலையொன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதால், கழிவுக்காற்றில் உயிருள்ள புரூசெல்லா வெளியேறியது. காற்று வீசிய திசையில் இருந்த கால்நடை ஆய்வு நிறுவகத்தினரிடமே நோய் முதலில் தெரிந்தது. பிறகு பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் பிறபொருளெதிரி கண்டறியப்பட்டது. ஆலையின் தடுப்பூசிக் கிருமியும் காற்றின் திசையும் நாளும் பொருந்திவந்ததால் காரணத்தை மறுக்க இடமிருக்கவில்லை.

இவ்வகைப் பொருத்தத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்வதே இன்றைய நடைமுறையின் சாரம். ஆபத்தான கிருமியோடு வேலை செய்யச் சேருபவரின் இரத்தநீரைச் சேர்ந்த அன்றே எடுத்து உறையவைக்கிறார்கள். பின்னாளில் நோய் கண்டால் புதிய மாதிரியை அதனோடு ஒப்பிட்டு, பிறபொருளெதிரி வேலைக்கு முன்பே இருந்ததா பின்பு வந்ததா என்று சொல்லிவிடலாம். தூசி ஆலையில் இதற்கு இணை, வேலைக்குச் சேரும் நாளிலும் ஆண்டுதோறும் மூச்சுத்திறனை அளந்து பதிவது. விடுமுறையில் சீராகி வேலைக்குத் திரும்பியதும் சரியும் மூச்சே தொழில் தொய்வின் அடையாளம். கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் போன்று தடுப்பூசி தயாரிக்கும் இடங்களுக்கு இரத்தநீர்ப் பதிவும், மலைநாட்டு ஸ்டோர்களுக்கு மூச்சுப் பதிவும் பொருந்தும். முதலாவதற்கு உறைபெட்டி வேண்டும். இரண்டாவதற்கு ஊதிப்பார்க்கும் சிறு கருவியும் ஒரு பதிவேடும் போதும்.