சேமிப்புச் சங்கங்களும் தெப்ராவ் இளைஞர்களும்: பணத்தைத் திரட்டுவதா, கட்டுப்பாட்டைத் திரட்டுவதா?

மலேசியத் தமிழர்களின் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: இளைஞர்கள் வருவதில்லை. அதற்கு அடுக்கப்படும் காரணங்களும் பழகிப்போனவை. இளையோருக்குச் சிக்கனம் தெரியாது, கைப்பேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை, சமுதாய உணர்வு மங்கிவிட்டது. இக்கட்டுரை அந்தக் காரணங்களை ஏற்கவில்லை. 1960-களில் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார்களென்றால், அன்று அவர்களைச் சூழ்ந்த ஆபத்துக்கு அந்தச் சங்கத்திடம் விடை இருந்தது. இன்று ஜொகூர் மாநிலத் தெப்ராவ் வட்டாரத்து இளைஞரைச் சூழ்ந்திருப்பது வேறோர் ஆபத்து. அதற்கு விடை சொல்லும் சங்கத்தை அவர் இன்னும் காணவில்லை.

தெப்ராவ் தொடக்கம் முதலே சிங்கப்பூர்ப் பணத்தோடு பிணைந்த மண். 1844-இல் டான் கீ சூன் தலைமையில் வந்த சீனர்கள் தெப்ராவ் ஆற்றங்கரையில் மிளகும் காம்பிரும் பயிரிட்டார்கள். கங்சு முறை எனப்பட்ட அந்த ஏற்பாட்டில் முன்பணம் சிங்கப்பூர் வணிகர்களிடமிருந்து வந்தது. விளைச்சல் அவர்களிடமே போனது. 1917-இல் அம்முறை ஒழிக்கப்படுவதற்குள் ரப்பர் வந்துவிட்டது, ரப்பரோடு தமிழர்களும் வந்துவிட்டார்கள். இன்று உணவகங்களுக்கும் கடைவரிசைகளுக்கும் பேர்போன மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் பெரிய ரப்பர்த் தோட்டம். லயங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் எழுந்தன. பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

பழைய வெற்றியின் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இன்றைய தோல்வியைப் பேச முடியாது. 1950-களில், விடுதலையை எதிர்நோக்கிய பிரிட்டிஷ் முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும், கோயிலும் பள்ளியும் கைவிட்டுப் போகும். இந்த நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவரே பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

இந்த வரலாற்றை மேடைகளில் சொல்பவர்கள் தலைவரின் தொலைநோக்கையும் தொழிலாளரின் தியாகத்தையும் போற்றுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் ஆய்வாளர் கவனிக்க வேண்டியவை வேறு மூன்று. முதலாவது, ஆபத்து கண்ணெதிரே இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அது ஏற்கெனவே நடந்திருந்தது. இரண்டாவது, நிலத்தைத் தனியாளாக வாங்க முடியாது. பத்துப் பத்து வெள்ளியாக எல்லாருடைய பணமும் ஒரே பையில் சேர்ந்தால்தான் தோட்டம் கைக்கு வரும். ஆகவே பணத்தைப் பொதுவில் திரட்டுவது அன்று தவிர்க்க முடியாததாக இருந்தது. மூன்றாவது, இதுதான் அதிகம் பேசப்படாதது, தோட்டத்தில் சம்பள நாள் ஒரு பொது நாள். ஆபீசு வாசலில் வரிசை நிற்கும். கிராணி பேரேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். யாருக்கு எவ்வளவு கைக்கு வந்தது, கடைக்கடன் எவ்வளவு, யார் சந்தா கட்டினார், யார் கட்டவில்லை என்பது வரிசையில் நின்ற அனைவருக்கும் தெரியும். சேமிப்பு அங்கே தனிமனித மனவுறுதியை மட்டும் நம்பியிருக்கவில்லை. தெரிந்த முகங்களின் முன்னால் நடந்தது.

இந்த மூன்றில் எதுவும் இன்று பழைய வடிவில் இல்லை. சம்பளம் சத்தமில்லாமல் வங்கிக் கணக்கில் விழுகிறது. தோட்டம் வாங்குவது தெப்ராவ் இளைஞரின் கனவு அல்ல. ஆபத்து மட்டும் இருக்கிறது. அது கண்ணில் படுவதில்லை.

அந்த ஆபத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஜொகூரிலேயே 3,000 வெள்ளிச் சம்பளத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு ஊழியர் சேமநிதியில் அவர் பங்கு 11 விழுக்காடு, 330 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 390 வெள்ளி. அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் மாதம் 720 வெள்ளி சேர்கிறது. ஊதிய உயர்வையும் ஈவுத்தொகையையும் விட்டுவிட்டாலும் பத்தாண்டில் அது 86,400 வெள்ளி. அவருடன் படித்த நண்பர் கடற்பாலம் தாண்டி 2,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று கொண்டால் அது 6,600 ரிங்கிட். ஊரில் அவர்தான் வசதியானவர். ஆனால் வேலை அனுமதியில் போகும் அவருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேமநிதியில் கணக்கு இல்லை. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. மலேசிய ஊழியர் சேமநிதிக்கும் அவருக்காகக் கட்டும் முதலாளி கிடையாது. பத்தாண்டு கழித்து அவருடைய ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கப்போவது அவராகப் போட்டது மட்டுமே. பலருக்கு அது சுழியம்.

இரு நாட்டு நாணயங்களும் 1973 வரை சரிக்குச் சரி மாற்றிக்கொள்ளத்தக்கவை. அந்தச் சமநிலை போன பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் பாலத்துக்கு அப்பால் கிடைக்கும் ஊதியம் கவர்ச்சி கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கவர்ச்சி கூடக்கூட சேமநிதி இல்லாத இளைஞர்களும் கூடுகிறார்கள். இதை அவர்களுடைய ஊதாரித்தனம் என்று சொல்வது அநியாயம். உள்ளூர்த் தொழிலாளி சேமிப்பது அவருடைய ஒழுக்கத்தால் அல்ல, 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தால். பாலம் தாண்டியவருக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லை, அவ்வளவுதான்.

சேமநிதி வாரியம் கதவை மூடிவிடவும் இல்லை. யாரும் தாமாக முன்வந்து கணக்கில் பணம் போடலாம். ஆண்டு உச்சவரம்பு 2023 முதல் ஒரு லட்சம் வெள்ளி. 2024-ஆம் ஆண்டுக்கு வாரியம் கொடுத்த ஈவுத்தொகை 6.30 விழுக்காடு. வழி திறந்திருக்கிறது, வருமானமும் மோசமில்லை. ஆனாலும் மாதாமாதம் போடுவோர் குறைவு என்பதை இவர்களோடு பழகும் எவரும் அறிவார்கள். இந்த இடைவெளியை விளக்குவதுதான் நம் கேள்வியின் மையம். தகவல் போதாமை ஒரு காரணமாகலாம், முதன்மைக் காரணமல்ல. டிக்டாக்கில் பண ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக முகவை (ஏகேபிகே) கட்டணமின்றி வழிகாட்டுகிறது. குறைவது அறிவு அல்ல. மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட நாளில், கேட்பார் ஒருவர் முன்னிலையில், செய்து முடிக்க வைக்கும் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு நம்மிடம் இல்லாமலும் இல்லை. தாமான்களில் பெண்கள் பிடிக்கும் கூட்டு அதுதான். பத்துப் பன்னிரண்டு பேர், மாதம் ஒரு தொகை, முறை வைத்து ஒருவர் எடுப்பார். பிள்ளையின் பள்ளிச் செலவு, தீபாவளி, வீட்டு முன்பணம் என்று எத்தனையோ காரியங்கள் இதனால் நிறைவேறியிருக்கின்றன. வங்கித் தவணையைத் தள்ளிப்போடத் துணிபவர்கூடக் கூட்டுப் பணத்தைத் தள்ளிப்போட மாட்டார். மாலையில் கோயிலில் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் தடுக்கிறது. காரணம் நியாயமானது. பணத்தைக் கையில் வைத்திருப்பவர் ஓடிவிட்டால் மற்றவர்களுக்குக் கதி இல்லை. அப்படி ஓடியவர்களின் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இங்கேதான் இக்கட்டுரையின் வாதம் நிற்கிறது. சம்பந்தன் காலத்தில் சங்கம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தது: பணத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டது, சேமிக்கும் கட்டுப்பாட்டையும் உருவாக்கியது. நிலம் வாங்க முதல் வேலை தேவைப்பட்டது. ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அது தேவையே இல்லை. ஒவ்வொருவர் பணமும் அவரவர் பெயரிலேயே, சேமநிதிக் கணக்கில், அரசின் கண்காணிப்பில் இருக்கலாம். ஆகவே இளைஞர்களுக்கான புதிய சங்கம் பணத்தைத் தொட வேண்டியதில்லை. கட்டுப்பாட்டை மட்டும் திரட்டினால் போதும்.

இது செப்படி வித்தை அல்ல. நம் சமுதாயத்தின் கசப்பான பட்டறிவிலிருந்து வரும் முடிவு. 1982-இல் தொடங்கிய மைக்கா முதலீட்டு நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள், பலர் நகையை அடகு வைத்துக்கூட, 100 மில்லியன் வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். 2010-இல் ஒரு தனியார் நிறுவனம் பங்கொன்றுக்கு 80 காசு வீதம் வாங்கிக்கொள்ள முன்வந்தபோது முதலீட்டாளர்கள் பலர் முதியவர்களாகியிருந்தார்கள். 1986-இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டது இனம் கடந்து எல்லாரையும் சுட்டது. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று முப்பதை நெருங்கியவர்களின் பெற்றோர். ‘சங்கத்தில் சேர், பணத்தைக் கொடு’ என்று நாம் கேட்கும்போது இளைஞர் தயங்கினால் அது சமுதாய உணர்வின்மை ஆகாது. வீட்டில் கேட்டு வளர்ந்த எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை நாம் மதிக்க வேண்டும்.

பணத்தைத் தொடாத சங்கம் எப்படி இயங்கும்? தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஒரு பாடம் தருகின்றன. அக்குழுக்கள் பணத்தையும் திரட்டின என்பது உண்மை. எனினும் அவற்றை நிலைக்க வைத்தவை சிறிய எண்ணிக்கை, குறித்த நாள், உறுப்பினரே எழுதும் கணக்கேடு ஆகியவைதான். மலேசியாவில் 1987-இல் தொடங்கிய அமானா இக்தியாரின் குழுக்களும் ஏறக்குறைய அதே இலக்கணத்தில் நடப்பவை. தெப்ராவில் பாலம் தாண்டும் பத்துப் பேர் ஒரு குழு. சிங்கப்பூர்ச் சம்பளம் விழுந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாமாக் கடையில் சந்திப்பு. ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து, பேசி வைத்த விழுக்காட்டை அங்கேயே செலுத்துகிறார்கள். முழுத் தொகையை யாரும் யாருக்கும் காட்ட வேண்டாம்; அந்த மாதத் தவணை கட்டியாயிற்று என்ற செய்தி போதும். குழுவின் ஏட்டில் பெயருக்கு நேரே ஒரு குறி விழுகிறது. கட்டாதவரிடம் மற்றவர்கள் காரணம் கேட்கிறார்கள். கார்த் தவணையா, ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ கடனா, வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையா என்று பேச்சு அங்கே திரும்பும். தமிழில், சக வயதினரிடையே, வெட்கமில்லாமல் கடனைப் பேச ஓர் இடம் கிடைப்பதே பெரிய காரியம்.

பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. குழுக்களை அமைப்பது, ஏடுகளைத் தணிக்கை செய்வது, வரி, வீட்டுக்கடன், காப்புறுதி பற்றிய ஆலோசகரை அழைத்து வருவது, ஓராண்டு தவறாமல் கட்டியவருக்குச் சிறு ஊக்கத்தொகை அளிப்பது. கல்வி உதவிக்குப் பெயர்பெற்ற தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற பெரிய அமைப்புகளுக்கு இந்தச் செலவு சுமையாகாது.

செயலிகளே இதைச் செய்துவிடும் என்பது எதிர்ப்பக்க வாதங்களில் வலுவானது. தானாகவே பணம் பிடிக்கும் வசதி உண்மையில் பயனுள்ளது. குழுக்களும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் செயலியில் ஒரு விரல் தட்டலில் தவணையை நிறுத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 2020 முதல் 2022 வரை பெருந்தொற்றை முன்னிட்டு அனுமதிக்கப்பட்ட சிறப்பு மீட்புகளில் சேமநிதியிலிருந்து 145 பில்லியன் வெள்ளி வெளியேறியது. தேவைப்பட்டு எடுத்தவர்கள் பலர். எடுத்ததைத் திரும்ப நிரப்பத் துணையிருந்தால் நிரப்பியிருக்கக்கூடியவர்களும் பலர் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ‘கோப்பராசி’ கடை நினைவிருக்கும். சில வெள்ளி பங்குப் பணம் கட்டிப் பதின்மூன்று வயதிலேயே கூட்டுறவு உறுப்பினரானவர்கள் அவர்கள். ஐந்தாம் படிவம் முடித்ததும் அந்த உறுப்பியம் முடிகிறது, பெரியவர்களின் சங்கம் எதுவும் அவர்களை வாசலில் நின்று வரவேற்பதில்லை. சேர்ந்தாலும் பேராளராக வர ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இளைஞர் அமைப்புகள் பற்றிய 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இளைஞர் என்பதன் உச்ச வயதை 40-இலிருந்து 30-ஆகக் குறைத்தது. நம் சங்கங்களின் இளைஞர் பிரிவுகள் பலவற்றில் அந்த வயதைக் கடந்தவர்களே இன்னும் நாற்காலியில் இருக்கிறார்கள். கணக்கைக் கேட்கும் உரிமையும் வாக்கும் தராமல் சந்தாவை மட்டும் கேட்டால் எந்தத் தலைமுறையும் வராது.

ஆகவே ஜொகூர் வட்டாரக் கூட்டுறவுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள்: பாலம் தாண்டிப் போகும் உறுப்பினர் பிள்ளைகளுக்காகப் பத்துப் பேர் கொண்ட சேமிப்புக் குழு ஒன்றைத் தெப்ராவில் தொடங்குவது, சங்க வாரியத்தில் ஓர் இடத்தை முப்பது வயதுக்கு உட்பட்டவருக்கு ஒதுக்குவது. முதல் குழுவின் பெயர்ப்பட்டியலை அந்த இளைஞர்களே எழுதட்டும்.