நாவலும் திரைப்படமும்: ஒரு வகுப்பறைப் பாடம்



இயற்பியல் படிக்க வந்த எனக்குப் பகுதி ஒன்று தமிழில் பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்ற எண்ணம்தான் இருந்தது. அதை மாற்றியது 2007-ஆம் ஆண்டின் ஒரு மத்தியான வகுப்பு. தமிழ் ஐயா கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் 'நாவல்', மறு பக்கம் 'படம்'.

"எது ஒசத்தின்னு யாரும் சொல்லக் கூடாது. எது போச்சு, எது வந்துச்சு, அதனால கதை என்ன ஆச்சு? இந்த மூணுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார்.

முதலில் கொஞ்சம் வரலாறு சொன்னார். 1939-இல் கல்கி 'தியாக பூமி'யை ஆனந்த விகடனில் தொடராக எழுத, அதே காலத்தில் கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கினார். படத்தின் புகைப்படங்களே தொடரோடு அச்சாயின. அந்தப் படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடை செய்தது. 1954-இல் நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' மு. கருணாநிதியின் வசனத்தோடு எம்.ஜி.ஆர். நடித்த படமாயிற்று. 1977-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார்.

அடுத்து 'முள்ளும் மலரும்'. உமாசந்திரனின் இந்த நாவல் கல்கி வெள்ளி விழாப் போட்டியில் பரிசு பெற்றது. 1978-இல் மகேந்திரன் அதைப் படமாக்கினார். மலைப்பகுதி மின் நிலையத்தில் விஞ்ச் ஓட்டும் காளி ஒரு கையை இழக்கிறான். நாவலில் அதற்குக் காரணம் புலி. படத்தில் லாரி.

"புலியை வச்சு எடுத்தா செலவு ஜாஸ்தி ஐயா" என்றான் பின் பெஞ்சு நண்பன். வகுப்பே சிரித்தது. ஐயாவும் சிரித்தார்.

"இருக்கட்டும்பா. மூணாவது கேள்விக்கு வா. புலி அடிச்சா யார் மேல குத்தம் சொல்றது? ஆனா லாரி ஏறுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

என்ஜினியர் காளியை சஸ்பெண்ட் செய்கிறார். அந்த ஆத்திரத்தில் அவன் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறான். என்ஜினியர் செய்தது சட்டப்படி சரிதான். ஆனாலும் போன கைக்கும் அவர் போட்ட உத்தரவுக்கும் ஒரு தொடர்பு வந்துவிடுகிறது. புலி வந்தால் அது விதி. லாரி வந்ததால் அது மனிதர்களுக்கு நடுவே நடந்த கதையாகிவிட்டது. அன்று அதை நோட்டில் எழுதி, பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன். அத்தோடு மறந்தும் போனேன்.

பிறகு பொறியியல் படித்து நானும் ஒரு என்ஜினியர் ஆனேன். வேலைக்குச் சேர்ந்த சில வருடத்தில், சூப்பர்வைசரிடம் சத்தம் போட்ட ஒரு கிரேன் ஆபரேட்டரைப் பத்து நாள் சஸ்பெண்ட் செய்து கையெழுத்துப் போட்டேன். விதிமுறைப்படி அது சரிதான். பதினோராம் நாள் அவர் வரவில்லை. பிறகும் வரவே இல்லை. ஏன் சத்தம் போட்டார் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அன்று ராத்திரி அந்தக் கரும்பலகைக் கோடு ஞாபகத்துக்கு வந்தது, தூக்கம் வரவில்லை.

இப்போதெல்லாம் கையெழுத்துப் போடுமுன் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறேன்.

தம்பி தங்கைகளே, 2022-இலும் 2023-இலும் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாக வந்தபோது, "நாவல் மாதிரி இல்லையே" என்று எத்தனையோ பேர் குறைப்பட்டார்கள். அத்தோடு நின்றுவிடாதீர்கள். நடுவே ஒரு கோடு போட்டு, ஐயாவின் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.