அந்நிய நாக்கு

நார்வேஜிய மொழியில் 'ஃப்ரெம்மெட்ஸ்ப்ரோக்லி' என்றொரு கூட்டுப் பெயரடை உண்டு. அந்நியமொழி பேசுகிற என்று பொருள். 1970, 80களில் அந்நாட்டுப் பள்ளிகள் குடியேறியவர்களின் பிள்ளைகளை இப்படித்தான் குறித்தன; பாகிஸ்தானியர், வியட்நாமியர், பிறகு ஈழத்தமிழர் பிள்ளைகள். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என இரண்டு மொழி புழங்கும் பிள்ளைக்கு, இல்லாததை வைத்து ஒரு பெயர். அது பேசுவது என்ன மொழி என்று இச்சொல் சொல்வதில்லை. நம்முடையது அல்ல என்பதோடு சரி. மற்றமையைக் கட்டுவதற்கு அது போதும்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை தெரிகிறது. 'ஃப்ரெம்மெட்' (அந்நிய), 'ஸ்ப்ரோக்' (மொழி) இரண்டுமே இடைக்காலக் கீழ் ஜெர்மனிலிருந்து வந்த கடன்சொற்கள். ('லி' என்ற விகுதிக்குப் பழைய நோர்ஸிலும் உறவு உண்டு, அதை விட்டுவிடலாம்.) பழைய நோர்ஸில் மொழிக்கு 'மால்' என்றும், நாக்கைக் குறிக்கும் 'துங்கா' என்றும் பெயர். ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் இரண்டையும் சேர்த்து 'துங்குமால்' என்கிறார்கள். நார்வேயிலும் அது 'மோல்' ஆகிப் பிழைத்திருக்கிறது. தாய்மொழி 'மூர்ஸ்மோல்', அந்நிய மொழியோ 'ஃப்ரெம்மெட்ஸ்ப்ரோக்'!

கொண்டுவந்தவர்கள் ஹன்சா வணிகர்கள். சுமார் 1360இலிருந்து 1754 வரை பெர்கன் துறைமுகத்தில் அவர்களுடைய வணிகக் குடியிருப்பு இருந்தது. வடக்கிலிருந்து காய்ந்த மீன் போகும், தானியம் வரும். மீனவனின் கடன் கணக்கு அவர்கள் கையில். கடன் கொடுத்தவனின் சொல்லை யார் அந்நியம் என்பார்கள்?

19ஆம் நூற்றாண்டில் ஈவர் ஓசன் நாட்டுப்புற வழக்குகளைத் திரட்டி 'லான்ஸ்மோல்' என்ற எழுத்துமொழியை உருவாக்கினார். கீழ் ஜெர்மன் முன்னொட்டுச் சொற்கள் பலவற்றை அதற்குள் விடவில்லை. டேனிஷ் ஆதிக்கத்துக்கு எதிரான அந்த உழைப்பு பெரிது, மறுக்கலையே. ஆனால் சொற்களைச் சலித்தால் விஷயம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேரைத் தேடும் சொல்லாடலில் நிலம் காணாமல் போகிறது.

வடக்கே சாமி மக்கள் நார்வே என்ற அரசுக்கு முன்பிருந்தே வாழ்ந்தவர்கள். 1902ஆம் ஆண்டின் நிலவிற்பனைச் சட்டமும் விதிகளும் ஃபின்மார்க்கில் என்ன சொல்லின? நார்வேஜியம் பேச, படிக்க, எழுதத் தெரிந்து அதை அன்றாடம் புழங்குகிறவருக்குத்தான் அரசு நிலம் விற்கப்படும். அந்த நிபந்தனை நீங்க 1965 ஆயிற்று. கப்பலில் வந்த சொல்லுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அங்கேயே கிடந்த மொழிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க யோக்கியதை இல்லை.

பள்ளிகளில் பின்னர் 'ஃப்ரெம்மெட்ஸ்ப்ரோக்லி' நாசூக்கற்றதாகப் பட்டது. 'மினோரிடெட்ஸ்ப்ரோக்லி', அதாவது சிறுபான்மைமொழி பேசுகிற, என்று மாற்றிக்கொண்டார்கள். முன்பாதிக்கு லத்தீன் வேர். பின்பாதி அதே பெர்கன் சரக்கு.