எட்டுவீட்டில் பிள்ளைமார்: பாட்டமும் அதிகாரமும்

1. சாலையும் சபையும்

திருவனந்தபுரம் வலியசாலையில் சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி கொண்ட மகாதேவர் கோயில்தான் காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடம் இருந்த இடம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. விழிஞத்தை ஒட்டி அதைத் தேடுவோரும் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது அச்சாலையை முன்மாதிரியாகக் கொண்ட வேறொரு சாலையின் செப்பேடு. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எடுத்து, 95 சட்டர்கள் (மாணவர்கள்) படிக்க ஒரு சாலையும் நிறுவினான். கோயிலுக்கான மனையை அவன் ஆணையிட்டுப் பறிக்கவில்லை. முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, அதற்கு மாற்றாகவே பெற்றான். மன்னனே ஆனாலும் நிலம் என்றால் சபையைக் கேட்டாக வேண்டும். எட்டு நூற்றாண்டு கழிந்தும் வேணாட்டில் (பின்னாளைய திருவிதாங்கூரில்) இந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

2. எட்டு வீடுகள்

கழக்கூட்டம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், இராமனாமடம், மார்த்தாண்டமடம், பள்ளிச்சல், குளத்தூர்: வேணாட்டு நாயர் பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமாரின் வீட்டுப் பட்டியல் பொதுவாக இப்படித் தரப்படும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகம் எட்டரயோகம் என்ற சபையின் கையில் இருந்தது. அதில் மன்னருக்கு அரை வாக்கு மட்டுமே என்பது மரபு. கோயில் நிலங்கள் எட்டாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு பிள்ளை பாட்டம் (குத்தகை) பிரிப்பவரானார்.

அவர்களுடைய பலத்தின் அடிப்படை இதுதான் என்பது என் கருத்து. நிலம் பெருமாளுடையது, உழுவது குடியானவன், நடுவில் நெல்லை அளந்து கணக்கோலை எழுதுகிறவர் பிள்ளை. எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கோயிலுக்குச் சேர்ந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். களரி பயின்ற நாயர் படையும் கையில் இருந்துவிட்டால், கணக்குக் கேட்க யார் வருவார்?

3. கிளேர் குடும்பமும் தரவாடும்

இந்த வீடுகளை ஒழிப்பது ஏன் கடினம் என்று பார்க்க ஓர் ஒப்பீடு. இடைக்கால இங்கிலாந்தின் பெருநிலக் குடும்பங்களில் ஒன்று கிளேர். குளோஸ்டர் பிரபுப் பட்டமும், இங்கிலாந்திலும் வேல்சிலும் அயர்லாந்திலும் நிலமும் அதற்கு இருந்தன. 1314-இல் பானக்பர்ன் போரில் கடைசி கில்பர்ட் பிள்ளையில்லாமல் மாண்டார். 1317-இல் சொத்து மூன்று சகோதரிகளுக்குப் பாகமானது. ஒரு போர், ஒரு வாரிசு இல்லாமை, அவ்வளவுதான். பேரரசுபோல் இருந்த நிலம் துண்டாகிவிட்டது.

பெண்வழி உரிமை முறையான மருமக்கத்தாயத்தில், தரவாட்டில் (கூட்டுக்குடும்பத்தில்) இப்படி நடக்க வழியிருக்கவில்லை. காரணவர் (குடும்பத் தலைவர்) இறந்தால் அடுத்த மூத்தவர் காரணவரானார். நிலம் பெண்வழியில் பாகமாகாமல் நின்றது. தலைவரைக் கொல்வதால் மட்டும் எட்டு வீடுகளில் ஒன்றையும் முடித்துவிட முடியாமல் இருந்தது.

4. களிப்பான்குளம்

பிள்ளைமார் வேணாட்டு மன்னர் ஆதித்தவர்மரை நஞ்சிட்டுக் கொன்றார்கள், வேணாட்டு அரசகுடும்பத்து உமையம்மை ராணியின் ஐந்து பிள்ளைகளை மணக்காட்டை அடுத்த களிப்பான்குளத்தில் மூழ்கடித்தார்கள் என்று சங்குண்ணி மேனோன் 1878-இல் வெளியிட்ட வரலாற்றில் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் (1891) பிள்ளைமாரை வில்லன்களாகவே மக்கள் மனத்தில் நிறுத்திவிட்டது. வென்றவர் பக்கத்துக் கதை என்ற எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவை இவை.

5. வாளும் ஓலையும்

1729-இல் வேணாட்டின் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்டவர்மர் பிள்ளைமாரைக் கொல்வித்தார். அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் குளம் தோண்டப்பட்டது. வீட்டுப் பெண்கள் கடற்கரையில் மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பழிவாங்கும் வெறி என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பெண்வழியில் நிலம் இறங்கும் சமூகத்தில், பெண்களைச் சாதிக்குப் புறம்பாக்கினால் உரிமைக் கொடியே அறுந்துபோகும். மனையைக் குளமாக்கினால் ‘என் தரவாட்டு மண்’ என்று வந்து நிற்க மண்ணே இருக்காது. கொடூரம்தான், கணக்குப் போட்டுச் செய்த கொடூரம்.

வாள் பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்தது ஓலை. 1739 வாக்கில் அரசின் சார்பில் மல்லன் சங்கரன் நிலங்களை அளந்து தேவஸ்வம் (கோயிலுடையது), பிரம்மஸ்வம் (பிராமணருடையது), தானம், பண்டாரவகை (அரசுடையது) என வகுத்தார். பிள்ளைமார் கையில் வைத்திருந்த கணக்கு சர்க்கார் ஏட்டுக்கு வந்தது. இந்தக் காலத்தில் 1737 முதல் 1756 வரை தளவாயாக இருந்தவர் திருநெல்வேலிச் சீமை ஏர்வாடியைச் சேர்ந்த தமிழ்ப் பிராமணரான இராமய்யன். உள்ளூர்த் தரவாடு எதிலும் வேரில்லாதவர்; மன்னரை விட்டால் அவருக்கு வேறு பிடிப்பில்லை. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது.

கொல்லம் 925 மகரம் 5-ஆம் நாள் (1750 ஜனவரி) திருப்படித்தானம். தோவாளைக்கோட்டை முதல் கவணாறு வரையுள்ள நாட்டை மன்னர் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துத் தாம் தாசரானார். பக்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பலனையும் பார்க்க வேண்டும்: கோயில் நிலத்துக்கும் அரச நிலத்துக்கும் நடுவே நின்று பிழைத்த இடைநிலைக்கு இனி இடமில்லை. அரை வாக்குக்காரர் பெருமாளின் முழுப் பொறுப்பாளராகிவிட்டார்.

6. பின்விளைவு

1811-12-இல் பிரிட்டிஷ் ரெசிடண்டும் திவானுமான கர்னல் மன்றோ காலத்தில் 378 தேவஸ்வங்கள் சர்க்கார் வசமாயின. 1865-இன் பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் பாட்ட நிலங்களில் குடியானவருக்கு முழு உரிமை தந்தது. அதைத் திருவிதாங்கூர் உழவரின் மாக்னா கார்ட்டா என்பார்கள். வேடிக்கைதான்: 1215-இல் மாக்னா கார்ட்டாவை மன்னரிடம் வாங்கியவர்கள் கிளேர் போன்ற பிரபுக்கள், இங்கே அத்தகைய பிரபுக்களை ஒழித்த அரசே அதைக் குடிகளுக்கு வழங்கியது. பத்மநாபசுவாமி கோயிலின் ஸ்ரீபண்டாரவக நிலங்கள் மட்டும் இன்னும் ஒரு நூற்றாண்டு தனித்து நின்று, 1971-இல் கேரளச் சட்டத்தின்வழி குடியானவர் பெயருக்கு மாறின.