பேய்க்கு 'ஏ', தெய்வத்துக்கு 'யு'

1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'மர்மயோகி' திரைக்கு வந்தது. இயக்கியவர் கே. ராம்நாத். கரிகாலனாக வாள் சுழற்றியவர் எம்.ஜி.ஆர். தமிழ்ப் படங்களில் முதன்முதலாக 'ஏ' முத்திரை பெற்ற படம் அதுதான். வயது வந்தோர் மட்டுமே பார்க்கலாம் என்பது அந்த முத்திரையின் பொருள். முத்தக் காட்சி இருந்ததா? இல்லை. ஆபாச நடனமா? அதுவும் இல்லை. படத்தில் பேய் வந்தது! நள்ளிரவில் அரண்மனையில் ஓர் உருவம் நடமாடியது. பிள்ளைகள் அஞ்சிவிடுவார்கள் என்று தணிக்கையாளர் கருதினர்.

அந்தப் பேய் யார் தெரியுமா, தோழர்களே? வஞ்சகியால் ஆற்றில் தள்ளப்பட்டு மாண்டுவிட்டதாக எல்லோரும் நம்பிய மன்னன். அவன் சாகவில்லை. குற்றவாளியின் நெஞ்சை நடுங்கவைக்கப் பேய் வேடம் பூண்டான், அவ்வளவுதான். பேய் என்பது பொய், பின்னால் இருப்பவன் மனிதன் என்று கதை முடிகிறது. பகுத்தறிவுப் பாடம் என்றே இதனைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பாடம் பதினெட்டு நிரம்பாதவனுக்கு மறுக்கப்பட்டது. பக்தனின் தவத்துக்கு இரங்கி வானம் பிளந்து தேவர் இறங்குவதையும், கணவன் சொற்கேட்டு மனைவி தீயில் இறங்குவதையும் காட்டும் படங்களோ பாலகன் முதல் பாட்டி வரை எல்லோருக்கும் உரியவை! பொய்யென்று விளங்கும் பேய் ஆபத்து. மெய்யென்று காட்டப்படும் மாயம் அருள்! என்னே இவர்கள் வகுத்த வகை!

இந்த விந்தையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், தணிக்கையின் பிறப்பைப் பார்த்தாக வேண்டும்.

இந்தியத் திரைப்படச் சட்டத்தை 1918இல் ஆங்கில அரசு இயற்றியது. அதன் அக்கறைகள் இரண்டு. ஒன்று, கொட்டகையில் தீப்பிடிக்கக் கூடாது. அக்காலப் படச்சுருள் எளிதில் எரியும் பொருளாதலின் அது நியாயமான அக்கறை. மற்றொன்று, மக்கள் மனத்தில் தீப்பிடிக்கக் கூடாது! 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. சென்னைக் குழுவின் தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் கலையறிஞரல்லர், கல்வியாளருமல்லர். மாநகரக் காவல்துறை ஆணையர். அவர் கண்ணுக்குப் பிள்ளை வேறு, பெரியவர் வேறு என்று படவில்லை. பொதுமக்கள் பார்க்கத் தக்கது, தகாதது என்ற இரண்டே தட்டுகள் கொண்ட தராசு அவருடையது. 1921இல் வந்த 'பக்த விதுரன்' படத்தில் விதுரன் காந்தியாரைப்போல் குல்லாயும் கதருமாகத் தோன்றினான் என்பதற்காகச் சென்னையிலும் கராச்சியிலும் படம் தடுக்கப்பட்டது. மகாபாரதக் கதை, அதிலும் தடை! ஆள்வோர் அஞ்சியது குழந்தையின் கேட்டுக்கு அன்று, குடிமகனின் விழிப்புக்கு.

1927இல் சென்னை வழக்குரைஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மேனாட்டுப் படங்களில் வெள்ளை மாதரின் காதல் களியாட்டங்களைக் கண்டு 'சுதேசிகள்' மதிப்பிழந்து நடப்பார்களோ என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. குழு ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டது. அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை என்று கண்டது. நாட்டில் படத்தொழில் வளர வழிகளும் சொன்னது. 1928இல் வந்த அறிக்கை அலமாரியில் உறங்கியது. முப்பது கோடிப் பேரைப் பிள்ளைகளாக நடத்திய ஆட்சிக்கு, உண்மையான பிள்ளையைப்பற்றித் தனியே நினைக்க நேரமேது?

ஆங்கிலேயன் தன் நாட்டில் என்ன செய்தான் என்பதையும் பார்ப்போம். 1912இல் அங்கே படத்தொழிலினரே ஒரு தணிக்கைக் கழகம் நிறுவினர். மறு ஆண்டிலேயே 'யு', 'ஏ' என்ற இரு பிரிவுகள் வந்துவிட்டன. அந்நாளைய 'ஏ', பிள்ளையை வெளியே நிறுத்திய தடையன்று. பெற்றோர்க்கு விடுத்த எச்சரிக்கை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' போன்ற அச்சப் படங்கள் வந்தபின் 1932இல் 'எச்' என்ற தனி முத்திரை பிறந்தது. 1951இல் பதினாறு நிரம்பாதோரை வாயிலிலேயே நிறுத்தும் 'எக்ஸ்' வந்தது. அமெரிக்காவோ வேறு வழி சென்றது. 1934 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு மேல், எல்லாப் படமும் எல்லோரும் பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று ஒரே விதியைக் கட்டி அழுதது, பெரியவனுக்கும் பால்புட்டியே! 1968இல்தான் அங்கு வயதுவாரிப் பிரிவு வந்தது.

வயதுவாரிப் பிரிவின் அருமை இங்கேதான் விளங்குகிறது. பிள்ளைக்கு ஒரு வாயில், பெரியவர்க்கு ஒரு வாயில் என்று பிரித்துவிட்டால், பிள்ளையைக் காட்டிப் பெரியவரின் வாயை அடைக்க முடியாது. இந்தியாவில் 1949இல் நிறைவேறிய திருத்தம் 'யு', 'ஏ' என இரண்டாகப் பிரித்தது. 1951இல் நடுவண் தணிக்கைக் குழு அமைந்தது. 1952இல் புதிய சட்டம் வந்தது. கத்தரிக்கோல் ஓய்ந்திருக்க வேண்டும். ஓய்ந்ததா? இல்லை. வாயிலும் இரண்டாயிற்று, கத்தரியும் அப்படியே இருந்தது!

எழுத்தாளர் கே.ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப்பற்றி ஒரு செய்திப்படம் எடுத்தார். மாடமாளிகையையும் மண்குடிசையையும் அருகருகே வைத்துக் காட்டினார். பம்பாயின் விலைமாதர் தெருவையும் காட்டினார். படத்துக்கு 'ஏ' விதிக்கப்பட்டது. சில காட்சிகளை வெட்டினால் 'யு' தரலாம் என்றது அரசு. அப்பாஸ் உச்சநீதிமன்றம் ஏறினார். வழக்கு நடக்கும்போதே, வெட்டாமலே 'யு' தருகிறோம் என்று அரசு இறங்கிவந்தது. அவரோ முன்தணிக்கையே கூடாது என்று வாதாடினார். 1970இல் தலைமை நீதிபதி இதயத்துல்லா அளித்த தீர்ப்பு தணிக்கையை ஏற்றுக்கொண்டது. படம் மற்றக் கலைகளைவிட ஆழமாக உள்ளத்தைத் தாக்கும், முதிராத வயதினரை மேலும் தாக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆயினும், மிகப் பலவீனமான மனத்தை அளவுகோலாக வைத்து, நலமான மனம் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. முதற் பகுதியை நடைமுறைப்படுத்தினர். பிற்பகுதியை மேற்கோள் காட்டினர்.

நமக்குக் கசப்பான ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். இடஒதுக்கீட்டைத் தாக்கிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்குக் கிடைத்த 'யு' சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 1989இல் உச்சநீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. எதிர்ப்பு எழும் என்று காட்டிக் கருத்தை அடக்கலாகாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தை நாம் ஒப்பவில்லை; ஒருநாளும் ஒப்பப் போவதுமில்லை. ஆனால் தீர்ப்பை ஒப்புகிறோம். 1952இல் 'பராசக்தி'யைத் தடைசெய் என்று கூவியவர்களை எதிர்த்து நின்ற நாம், நம்மைச் சுடும் படம் வந்தபோது மட்டும் அதே கூச்சலை இரவல் வாங்குவது எந்த நியாயம்?

1983இல் இரண்டுக்கும் இடையே 'யு/ஏ' வந்தது. பன்னிரண்டு நிரம்பாதோர் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்பது விதி. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்று படிகளாக்கியது. இந்தப் படிகள் பெற்றோர்க்கு உதவும் குறிப்பேயன்றி, கொட்டகைக்காரர் காட்டித் தடுக்கும் கோடு அல்ல. 'ஏ' மட்டும் சட்டப்படி வாயிலை அடைக்கிறது. அடைக்க வேண்டும் என்பது ஏட்டில்! இரண்டாம் ஆட்டத்துக்குக் கைக்குழந்தையோடு வரும் குடும்பத்தை எந்த வாயிற்காவலர் திருப்பி அனுப்புகிறார்? குருதி கொட்டும் திரைக்கு முன்னே, தாயின் மடியில் குழந்தை திடுக்கிட்டு விழிப்பதை நாம் கண்டிருக்கிறோம். இணையவழிப் படங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனங்களே வயது குறித்துப் பூட்டும் போட்டுத் தருகின்றன. பல வீடுகளில் அந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பவனே பிள்ளைதான்!

இன்னொன்று. 1991இல் நடுவண் அரசு வெளியிட்ட தணிக்கை நெறிமுறைகளைப் புரட்டிப் பாருங்கள். வன்முறை, ஆபாசம், பெண்ணிழிவு என்று நீளும் பட்டியலிடையே, மூடத்தனத்தையும் அறிவியலுக்கு மாறான மனப்போக்கையும் வளர்க்கும் காட்சிகள் கூடாது என்று ஒரு விதி அச்சடிக்கப்பட்டிருக்கிறது. ஆம், அரசின் ஏட்டிலேயே! அந்த விதியைக் கத்தரிக்கோலாக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. கத்தரியின் வரலாறு நமக்குத் தெரியும். ஏழு வயதுக்கு ஒரு குறிப்பு, பதின்மூன்றுக்கு ஒரு குறிப்பு என்று பெற்றோர்க்கு எழுதித் தருகிறவர்கள், அம்மன் அருளால் நஞ்சு முறிவதாகக் காட்டும் படத்தில் அந்த விதியை நினைத்து ஒரு வரியேனும் எழுதியிருக்கலாமே என்றுதான் கேட்கிறோம். பாம்பு கடித்தவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் கோயில் வாசலில் கிடத்தும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்க் கொட்டகைகளிலும் அந்தப் படங்கள் ஓடின. முன்வரிசைத் தரையில் அமர்ந்து பார்த்தவர்கள் பிள்ளைகள்.